வேலி வழக்கு

டோர்வல் பேருந்தில் எனக்கு முன்னால் புலம்பெயர்ந்து வந்த இரண்டு யாழ்ப்பாணத்தார். இளையவர் கொரியாக்காரர் ஒருவரின் டெப்பனர் எனப்படும் மூலைக்கடையில் வேலை செய்கிறவர்.

"நேற்று முதலாளியோட ஆர்ப்பாட்டத்துக்குப் போனனான், அண்ணை. அவரின்ர ஊர் வயலைப் பறிச்சு அமெரிக்கன் காம்ப் கட்டுறாங்களாம். மெழுகுதிரியோட பேசாமல் நிண்டனாங்கள்."

"மெழுகுதிரியைப் பாத்து நிப்பாட்டுவாங்களோ?"

"மாட்டாங்கள். எங்கட ஊரில இருக்கிற ஆமிக் காம்ப் எழும்பினதோ?"

"எங்க! உன்ர வளவும் என்ர வளவும் முள்ளுக்கம்பிக்குள்ள ஒண்டாக் கிடக்கு."

"நீங்கள் வேலியை என்ர பக்கம் அரை முழம் தள்ளி அடைச்சியள் எண்டு நான் போட்ட வழக்கும் கிடக்கு."

"இப்ப அங்க வேலியே இல்லை. அதை வாபஸ் வாங்கன், தம்பி."

என் தரிப்பிடம் வந்தும் நான் இறங்கவில்லை. இளையவர் கையுறையால் யன்னல் பனியைத் துடைத்தார்.

"வழக்கைப் பிறகு பாப்பம்," என்றார்.