கம்பியில்லாத போன்

1987, இட ஒதுக்கீட்டுப் போராட்ட வாரம். நைனார்பாளையம் தாண்டிச் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டு முறை எண்ணினேன், ஐந்து. கள்ளக்குறிச்சி பஸ் நின்று இரண்டே கால் மணி நேரம். முன்சீட்டு ரேடியோக் கடைக்காரர் பக்கத்து அம்மாளிடம் சொன்னார்:

“இனிமே டெலிபோன சட்டப் பையிலயே வச்சிக்கினு போவாங்கம்மா.”

“கம்பி எங்க பாய் தொங்கும்? பின்னாடி வாலாட்டமா?”

“கம்பியே கெடயாது. காத்துலயே பேச்சு வரும்.”

“மரத்த வெட்டிப் போட்டா?”

“காத்த எப்பிடிம்மா வெட்டுவாங்க?”

“எம் பொண்ணு நேத்துலருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில பிரசவ வலியில கெடக்குது. சேதி கொண்டாற பஸ்ஸும் வரல. அந்தப் போன்ல கொழந்த அழுவறது கேக்குமா?”

“கேக்கும்மா. மூஞ்சிகூடத் தெரியும்.”

அந்த அம்மாள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். இன்னும் எட்டு மைல் இருந்தது.

“அது வர்றப்போ வரட்டும் பாய். நான் நடந்துக்கினே போயிடறேன்.”