ஜன்னலுக்குக் கீழ நாயுருவி

கொஞ்சம் இரு கலியம்மாக்கா, அந்த அருவாளக் கீழ வையி. மத்ததெல்லாம் அறுத்துக்கோ. கோரை, பார்த்தீனியம், எதையும் நான் வேணான்னு சொல்லல. இந்த ஜன்னலுக்குக் கீழ இருக்கற நாயுருவிய மட்டும் வுட்டுடு. எதுத்த பிளாக் புவனா கம்ப்ளைன்ட் குடுத்திருக்கா, தெரியும். அவ பொண்ணு ஸ்கூல் சாக்ஸ்ல ஒட்டிக்குதாம். ஒட்டத்தான் செய்யும். உன் பொடவையப் பாரு, கொசுவம் பூரா ஒட்டிகினு இருக்குது. நீ குனியாத, நில்லு. நான் எடுத்து வுடறேன்.

அட, பரவால்ல. எனக்குக் கை பழக்கந்தான். எங்க பிரவினு கிரவுண்டுல இருந்து பொதருக்குள்ள பூந்து குறுக்காலதான் வருவான். சுத்தி ரோடு போட்டு வெச்சிருக்காங்க, தொரைக்கு அதுல நடந்தா கால் தேஞ்சிடும். பேண்ட்டு பூரா இதான். உள்ள வந்து அசையாம நிப்பான். நான் கீழ உக்காந்து ஒண்ணொண்ணா உருவி ஜன்னல் வழியா வெளிய போடுவேன். மைன்ஸ்ல கான்ட்ராக்ட் வேலைக்குப் போயி, மீசை வெச்ச பெறவும் இதே கதைதான்.

அவன்தான் ஒரு வாட்டி காட்டனான். இந்தக் கதிர மேல இருந்து கீழ உருவனா ஒண்ணும் பண்ணாது. கீழ இருந்து மேல உருவிப் பாரு, குத்தும். வெதை அத்தினியும் தலகீழா முள்ள நீட்டிகினு இருக்குது. பச்சையில ஒட்டாது, முத்தனாதான் ஒட்டும். பாவம், அது இன்னா பண்ணும்? எருக்கு வெதைக்குப் பஞ்சு இருக்குது, காத்துல போயிடும். பலாவுக்குச் சுளை இருக்குது, திங்கறவன் கொட்டைய எங்கியாவது கொண்டு போயி போடுவான். இதுக்கு ஒரு வாசனை உண்டா, ருசி உண்டா? போறவன் வர்றவனப் புடிச்சிக்கணும். அவன் எங்க உதுத்து வுடறானோ அங்க பொழைச்சிக்கணும்.

வேற எடத்துலயும் மண்டிக் கெடக்குதுதான், யாரு இல்லன்னா. அத அறுத்துக்கோ. இது நான் ஊனுனது இல்ல, ஆனா என் கையால வந்தது.

போன மாசியில ஆஸ்பத்திரியில அவன் பேண்ட்டு சட்டைய ஒரு கேரி பேக்ல போட்டுக் குடுத்தாங்க. ஆமாக்கா, பிரவினோடதுதான். உனக்குத் தெரியாதா? ராத்திரி செகண்ட் ஷிப்ட் முடிச்சி, கூட வேலை செய்யறவன சேத்தியாத்தோப்புல வுட்டுட்டு வண்டியில திரும்பனான். எவனோ இடிச்சிட்டு நிக்காமப் போயிட்டான். துணிய எரிச்சிடலாம்னு சொந்தக்காரங்க கேட்டாங்க, நான் குடுக்கல. ஜன்னலாண்ட உக்காந்து பேண்ட்ட மடியில போட்டேன், நாயுருவியா ஒட்டிகினு இருந்திச்சு. கை தானா உருவ ஆரம்பிச்சிடிச்சு. வழக்கம்போல வெளிய போட்டுட்டேன். ஐப்பசி மழையில மொளைச்சதுதான் இது.

அத்தினியும் இடது பக்கந்தான் இருந்திச்சுக்கா. வலது கால்ல ஒண்ணு கூட இல்ல. ரோட்டோரப் பொதருல இடது பக்கமா ஒருக்களிச்சிக் கெடந்திருக்கான், விடியற வரிக்கும். பஸ்ஸு, லாரி எத்தினி போயிருக்கும் அந்த ரோட்டுல. ஒருத்தனும் எறங்கல. எம் புள்ளையப் புடிச்சிகினு இருந்தது இது ஒண்ணுதான்.

அந்தக் கால இப்படித் திருப்புக்கா. இன்னும் ரெண்டு இருக்குது.