முத்துமீனாவின் நான்கு சதவீதம்

எனக்குக் காலையில் வெந்நீரில் குளித்தாக வேண்டும். மதுரை வெயிலுக்கு வெந்நீரா என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. நாகமலை புதுக்கோட்டையில் வீடு கட்டும்போதே கொல்லைப்புறத்தில் ஒரு செம்பு பாய்லர் வைத்துவிட்டேன். விறகு, மட்டை, காகிதம், எதைப் போட்டாலும் எரியும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும். விசாரணை அதிகாரி நீங்கள், அவசரப்படக் கூடாது.

என் பெயர் அழகுபாண்டி. ஆங்கிலத் துறையில் இருபத்தாறு வருடம். பழைய ஆங்கிலம் என் பாடம். மனு கொடுத்திருக்கும் முத்துமீனா என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். திருவாதவூரில் காலனி வீடு. அப்பா சுடலை, அடுத்தவர் வயலில் அறுத்துப் பிழைத்தவர். அந்த வீட்டிலிருந்து ஒருத்தி ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம் படிக்கக் கிளம்பி வந்தாள். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். வாய்விட்டுச் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன்.

தலைப்பை நான்தான் கொடுத்தேன். காலப்போக்கில் சொற்களின் பொருள் சுருங்குவது. 'டியர்' என்றால் இன்றைக்கு மான். அன்றைக்கு எந்த விலங்கும் டியர்தான். 'மீட்' இன்று கறி, அன்று எல்லாச் சாப்பாடும். 'ஸ்டார்வ்' இன்று பட்டினி. அன்று எப்படிச் செத்தாலும் அதே சொல். பட்டியல் போட்டு, மேற்கோள் எழுதி, பட்டத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அதற்கு மூளை தேவையில்லை, அதனால்தான் கொடுத்தேன்.

அவளுக்கு மூளை இருந்தது. முதல் இயலின் முன்னுரையில் சில பக்கங்கள் எழுதிக் கொண்டுவந்தாள். சொல் தானாகச் சுருங்குவதில்லை, பந்தியில் முதலில் உட்கார்ந்தவர்கள் சுருக்குகிறார்கள் என்று. உதாரணத்துக்குத் தன் தெருவையே இழுத்து வந்திருந்தாள். 'ஊர்' என்றால் எல்லோரும் குடியிருக்கும் இடம். ஆனால் காலனிக்காரர் 'ஊருக்குள்ள போறேன்' என்றால் காலனியை விட்டு வெளியே போகிறார். அவர்கள் வீடு ஊரில் சேர்த்தியில்லை.

எழுதியது சரியாக இருந்தது. அதனால்தான் எனக்கு எரிச்சல். சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டேன்.

"இது இங்கிலீஷ் டிபார்ட்மென்டும்மா. ஒங்க தெருக்கதை எதுக்கு?"

"ஏன் சுருங்குதுன்னு நீங்கதான சார் கேட்டீங்க. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்."

"எடுத்துரு."

"சரிங்க சார்" என்றாள். தலை மட்டும் குனியவில்லை.

எங்கள் துறையில் எனக்கு எதிரே உட்காரும் இம்மானுவேல் நான்கு வருடத்தில் ஓய்வு பெறுவார். பட்டம் வாங்கிவிட்டால் அந்த இடம் இவளுக்குத்தான். சுடலையின் மகள் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "அழகுபாண்டி சார், டீ சொல்லவா?" என்று கேட்பாள். நினைத்துப் பார்த்தேன். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

ஆய்வேட்டில் திருட்டு இருக்கிறதா என்று சோதிக்க ஒரு மென்பொருள் உண்டு. அதற்குள் ஒருமுறை ஏற்றிய எழுத்து அங்கேயே தங்கிவிடும். பின்னால் வருபவர் அதையே எழுதியிருந்தால் அவர்தான் திருடர். ஒவ்வோர் இயலையும், நான் அடித்ததை நீக்கிவிட்டு, அவள் கொடுத்த மறுநாள் என் பெயரில் ஏற்றியது நான்தான். தேதிகளை நீங்களே எடுத்துவிட்டீர்கள், மறுக்க ஒன்றுமில்லை. ஒரு வரியைக்கூட நான் அச்சிட்டுக்கொள்ளவில்லை. அவள் எழுத்தை வைத்துப் பெயர் வாங்கும் நிலையில் நான் இல்லை.

நான்காம் வருடம் ஆய்வேடு சோதனைக்குப் போயிற்று. தொண்ணூற்றாறு சதவீதம் என் எழுத்து என்று வந்தது. மீதி நான்கு சதவீதம் நான் அடித்த அந்த 'ஊர்'. திருப்பிச் சேர்த்திருக்கிறாள். அது அவளுடையதுதான், யாரும் பங்குக்குப் போகவில்லை.

அழுதுகொண்டே என்னிடம்தான் ஓடி வந்தாள். "மிஷின் தப்பா சொல்லுது சார். நீங்க செவப்பு மையில திருத்துன தாளு அஞ்சு இயலும் வீட்ல பத்திரமா இருக்கு."

"கொண்டா. கமிட்டியில நானே காட்டுறேன்."

உரச்சாக்கில் கட்டி, இரண்டு பஸ் மாறி, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கைடு கேட்ட தாளுக்கு நகல் எடுத்து வைப்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. எனக்கு அது தெரியும்.

குழுவில் மூன்று பேர். தாள் எதையும் என்னிடம் தரவில்லை என்றேன், எல்லாம் என் வகுப்புக் குறிப்புகள் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பதிவை ரத்து செய்தார்கள். இப்போது அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் பில் எழுதுகிறாளாம். அதுவும் எழுத்து வேலைதான்.

குழு கூடிய மறுநாளிலிருந்து பாய்லருக்கு நாளுக்கோர் இயல் போட்டேன். நல்ல தாள், சீக்கிரம் கொதித்தது.

ஐந்தாம் நாள் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். வாசல் கேட்டுக்கு வெளியே சுடலை நின்றார், தோளில் ஒரு மூட்டை நிலக்கடலை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டார்.

"தான் எடுக்கலன்னு பிள்ள சொல்லுதுய்யா. ஆனா படிச்சவுக மூணு பேரு சொல்றாகள்ல. சின்னப்புள்ள, ஒங்க எழுத்துல தெரியாம கைய வச்சிருச்சு. மன்னிச்சு விட்டுருங்கய்யா."

கொல்லையில் கடைசி இயல் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு இளகிய மனசு, வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

"எந்திரி சுடலை. மன்னிச்சுட்டேன், போ."

கடலையை உள்ளே எடுத்து வைத்தேன். உங்கள் அறிக்கையில் மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவளை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.