பெரிய வெள்ளி வெயில்

என்ர தம்பி றஜீபனை குடிவெறிகாரன் எண்டு நினைச்சு, நடுமத்தியானம் தெருக்கரையில விட்டிட்டுப் போனவங்கள் அண்ணை. அதாலதான் உங்கட பைக்கை மறிச்சனான். பொலிஸ் எண்டு பயந்திட்டியளோ? சீச்சீ, நான் கம்பஸில படிக்கிற பிள்ளை, ஜெனீற்றா. இந்த அல்லைப்பிட்டிதான்.

எங்க, ஊர்காவற்றுறைக்கோ? உந்தக் கையில்லாத பெனியனோடயோ? காத்துப் பட்டாக் குளிர்மை எண்டுவியள். பிழை. வெறுந்தோலில சூட்டுக்காத்து அடிச்சா உடம்புத் தண்ணி முழுக்க உறிஞ்சிப்போடும். நீட்டுக்கைப் பருத்திச் சேட் போடுங்கோ. லேஞ்சித் துணியை நனைச்சுக் கழுத்தில சுத்துங்கோ. எவ்வளவு வேர்த்தாலும் ஓடேக்க ஹெல்மெற்றைக் கழட்டாதேங்கோ. இந்தாங்கோ தண்ணி. தாகமில்லையோ? தாகம் வரமுதல்தான் குடிக்கவேணும். சிரியுங்கோ, சிரியுங்கோ. வாதாடவெண்டே பிறந்தவள் எண்டு வீட்டிலயும் சொல்லுறவை.

அவன் யாழ்ப்பாணத்தில ஒரு கடையில வேலை. போன பெரிய வெள்ளி, சிலுவைப் பாதைக்கு வீட்டை வரவெண்டு தனிய வெளிக்கிட்டவன், கூட்டாளியிட்ட இரவல் வாங்கின பைக்கில. ஒருசந்தி. எங்கட வீட்டில ஒருசந்தி விரதம் எண்டாத் தண்ணியும் தொடுறேல்லை. ஓம், தண்ணி குடிக்கலாம் எண்டுதான் பங்குச் சுவாமியும் சொல்லுறவர். ஆர் கேக்கினம்? நீங்கள் பண்ணைப் பாலத்தாலதானே வந்தனியள்? நிழலுக்கு ஒரு மரம் கண்டனியளோ?

பாதி வழியில பைக்கால தள்ளாடித் தள்ளாடி இறங்கினானாம். வாய் குழறினதாம். தலையில வெயில் ஏறினா அப்பிடித்தான் அண்ணை. வேர்வை நிண்டிடும், கதை குழறும், கால் நிக்காது. அச்சொட்டா வெறி மாதிரி. பெரிய வெள்ளியில வெறியெண்டா எங்கட சனத்துக்கு அருவருப்பு. பாத்துப் பாத்துப் போச்சினம். கடைசியா ஒரு ஓட்டோக்காரர் ஏத்தினவர். அதுக்குள்ள உடம்பு நெருப்பு. ஆசுப்பத்திரி வாசலில முடிஞ்சு போச்சு.

இல்லை, நான் அழேல்லை. நீங்கள் குடியுங்கோ.

நான் சும்மா விடுவனோ? அந்த நேரம் அந்தத் தெருவால ஆர் ஆர் வந்தது எண்டு வீடு வீடாப் போய்க் கேட்டனான். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. கோயிலுக்குப் பாட்டுக்காரரை ஏத்திவந்த வான்காரன் டிலோனைப் பிடிச்சு, நீயெல்லாம் ஆரைக் கும்பிட வாறனி எண்டு சந்தியில வச்சுக் கத்தினன்.  வீட்டை போய்க் கேளுங்கோ அக்கா எண்டான்.

அப்பா குசினிக் கதிரையில இருந்தவர், அவரும் கோயில் பாட்டுக்காரர்தான். அந்த வானில நீங்களும் வந்தனீங்களோ எண்டு கேட்டன்.  அவர் சொன்னார், டிலோன் நிப்பாட்டவோ எண்டு கேட்டவன் பிள்ளை, ஹெல்மெற்றுக்குள்ள முகம் தெரியேல்லை, ஆரின்ரையோ பெடியன், வெறி முறியட்டும், நீ ஓடு எண்டு நான்தான் சொன்னனான்.