பென்சிலில் இட்ட மதிப்பெண்

மழைக்காலம் முடிந்தும் முடியாத நாட்களுக்கென்று ஒரு மந்தம் உண்டு. மேகம் பொழிவதில்லை, விலகுவதுமில்லை. துவைத்த துணி உலராது. மனமும் அவ்வாறே ஈரம் சுமந்து கிடக்கும். எங்கள் மருத்துவமனையில் நேர்காணல்கள் எப்போதும் அந்தப் பருவத்தில்தான் நடக்கும்.

ஐயா, இன்று நீங்கள் கேட்கிறீர்கள். நான் விடை சொல்கிறேன். எனக்கு இது புதிதன்று. அதிகாரிப் பதவிக்காக ஏழு முறை இவ்வாறு அமர்ந்திருக்கிறேன். ஏழு முறையும் இரண்டாம் இடம். "நல்லா பதில் சொன்னீங்க" என்பார்கள். அறிவிப்புப் பலகையில் வேறொருவர் பெயர் இருக்கும். இரண்டாமவனுக்குக் காரணம் சொல்லும் வழக்கம் எங்கும் இல்லை.

தேர்வுக் குழுவின் எழுத்தராகப் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தேன். குழுவினர் மூவரும் மதிப்பெண்ணைப் பென்சிலில் இடுவார்கள். கூடிப் பேசித் திருத்தியபின், சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கையொப்பத்தை மட்டும் மையில் இட்டுவிட்டுப் போவார்கள். எண்களின்மேல் மை ஏற்றுவது என் வேலை. ஒருமுறைகூட எவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

நீங்கள் விசாரிக்கும் அந்த நாளில் ஆக்சிஜன் அறைப் பொறுப்பாளர் பணிக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் அதே அறையில் ஒன்பது ஆண்டுகள் தற்காலிகமாக உழைத்தவர். மறுநாள் அவருக்கு நாற்பது நிறைகிறது. வயது வரம்பும் அத்தோடு முடிகிறது. இடைவேளையில் வராந்தாவில் என்னிடம் வந்தார்.

"அழுத்தம் கொறஞ்சா எந்த வால்வத் தொறப்பேன்னு என்னையே கேக்குறாங்க அண்ணே. ஒங்க வீட்டு வாசல் எதுன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு."

"கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். கண்ண மூடிக்கிட்டே சொன்னீங்க."

"இந்தத் தடவையும் இல்லன்னா அந்தச் சிலிண்டரையே கட்டிக்கிட்டுக் குடித்தனம் நடத்துங்கன்னுட்டா வீட்டுல. கெடச்சிடும்ல?"

"நல்லா பதில் சொன்னீங்க" என்றேன்.

மற்றவரோ, அதே கேள்விக்கு, "யாரையாவது போன்ல கேட்டுக்குவேன் சார்" என்றவர். குழுவினர் சிரித்துவிட்டு ஆறு போட்டார்கள். முன்னவருக்குப் பதினெட்டு.

அவர்கள் உண்ணச் சென்றதும் இரண்டு எண்களையும் அழித்தேன். பகை ஏதுமில்லை. ஏழு முறை நான் சுமந்ததைச் சுமக்க இவ்வுலகில் இன்னொருவர் வேண்டியிருந்தது, அவ்வளவே. இடம் மாற்றி மை ஏற்றினேன்.

பட்டியலைப் பார்த்தவர் சண்டையிடவில்லை. "எதுல அண்ணே தப்புப் பண்ணேன்?" என்று மட்டும் கேட்டார்.

"அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றேன். அடுத்த தடவை இல்லையென்பது இருவருக்கும் தெரியும். அன்று, பல ஆண்டுகளுக்குப் பின், அயர்ந்து உறங்கினேன்.

புதியவர் பணியேற்ற இருபத்து மூன்றாம் நாள் நண்பகலில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது. அவர் போனில் அழைத்தது என்னைத்தான், ஐயா. நேர்காணல் கடிதத்தில் என் எண் இருந்தது. அவருக்கு வேறெவரையும் தெரியாது.

"சார், எந்த வால்வு சார்?"

அந்த விடையை நான் மறந்திருக்கவில்லை. ஆயினும், நேர்காணலுக்கு வந்தவருக்கு விடை சொல்லித்தருவது எழுத்தருக்கு முறையன்று. நெறி தவறாதவன் நான். போனை வைத்துவிட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் நால்வர் இறந்தார்கள்.

அந்நால்வரின் பெயர்களையும் நாள்தோறும் இறைவன் திருமுன் நின்று மெல்லச் சொல்லிக் கைகூப்புகிறேன். ஒரு நாளும் தவறியதில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது இந்த வாக்குமூலத்தில் கையொப்பமிடுகிறேன். அதற்குமுன் ஒரு கணம் கண்மூடிக்கொள்ள இசைவு தாருங்கள்.

எல்லா உயிரும் குறைவிலா மூச்சோடு நீடு வாழ்க.