மூன்று மென்பொருள், ஒரு கறுப்புப் படம்

— மணிக்கட்டுல ஊசி எறங்குது தம்பி. காலையிலேர்ந்து இந்த மவுஸ உருட்டி உருட்டி…

— சிமெண்டுச் சட்டி தூக்குன கை அண்ணி! போயும் போயும் ஒரு மவுஸுக்கா அசருது?

— சட்டி தூக்குனா கழுத்துதான் போகும். மணிக்கட்டு மிச்சமிருந்துச்சு. அதுக்குன்னு உங்க ஸ்டூடியோ வந்து வாய்ச்சுது.

— சரி, முடிவச் சொல்லுங்க. மூணு சாஃப்ட்வேரையும் சும்மா ஓட்டிப் பாக்கக் குடுத்த கெடு இன்னைக்குச் சாயங்காலத்தோட முடியுது. திங்கக்கிழமை பாலம் கட்டுற கம்பெனி வேலை. ரெண்டாயிரத்து முந்நூறு படம். அத்தனையும் ரா ஃபைல், கேமரா புடிச்சது புடிச்சபடி.

— தெரியும். தப்பான ஒண்ணுல ஏறிட்டா எறங்க முடியாது. நாம பண்ற திருத்தமெல்லாம் அதுக்குள்ளதான் உக்காந்திருக்கும். வேறொண்ணுக்கு மாறுனா எல்லாப் படமும் திருத்தாத பச்சைப் படமா பழையபடி நிக்கும்.

— அதான் அண்ணன் சொல்லிட்டாரே, நீங்க கை காட்டுறதுதான்னு.

— வீட்டுக்குத் துடைப்பம் வாங்கக்கூட என்னையத்தான் கை காட்டச் சொல்வாரு உங்க அண்ணன். இப்படி உக்காருங்க. ஒரே படத்தை மூணுலயும் தெறந்து வெச்சிருக்கேன்.

— எங்க படம்? திரை முழுக்கக் கறுப்பாக் கெடக்கு.

— அதான் படம்.

— வெளையாடாதீங்க அண்ணி. சோதிச்சுப் பாக்க ஒரு நல்ல படமா எடுக்கக் கூடாதா? என்கிட்ட எத்தனை…

— நல்ல படத்தை எவன் வேணா நல்லாக் காட்டுவான். தேறாதத தேத்துறவன்தான் நமக்கு வேணும். மொதல்ல இந்த இலவசம். வெளிச்சத்த ஏத்துறேன்…

— ஐயையோ, மணல் கொட்டுன மாதிரி இருக்கு. அதுவும் ஊதா மணல்.

— ஒரு ஆள் நிக்கிறது தெரியுதுல்ல? காசு வாங்காம இவ்வளவு செய்யுது, திட்டாதீங்க. அடுத்து மாச வாடகைக்காரன்.

— ம்… சுத்தமா இருக்கே. பொம்பளை ஆளு. தலையில சட்டி. ஆனா முகம் மட்டும் மொழுமொழுன்னு…

— மணல எடுக்குறேன்னு தோலையும் சேத்து எடுத்துட்டான். முப்பது வருஷ வெயில் தின்ன முகம் அது. மெழுகு பூசி வெச்சிருக்கான்.

— மூணாவது?

— ஒரே தடவை காசு கட்டுனாப் போதும்னாங்களே, அது. கொஞ்சம் பொறுங்க. மெதுவாத்தான் வரும். அவசரப்படாத ஆளு…

— அண்ணி… யப்பா!

— என்னவாம்?

— கழுத்து நரம்பப் பாருங்க! கயிறு முறுக்குன மாதிரி. புருவத்துல சிமெண்டுத் தூசி… ஒவ்வொரு முடியா எண்ணலாம் போல. இந்த இருட்டுக்குள்ள இவ்வளவா இருந்துச்சு?

— கேமரா பாத்துட்டுத்தான் இருந்திருக்கு. நாமதான் பாக்கல.

— அந்தச் சிரிப்பு! தலையில அத்தனை பாரத்த வெச்சுக்கிட்டு யாருக்கு இப்படிச் சிரிக்க வரும்? என்ன தெம்பு அண்ணி… யாரு எடுத்தது இத?

— நீங்கதான்.

— நானா? அப்ப பேச்சே இல்ல, இதையே வாங்குவோம்! எப்ப எடுத்தேன்… இருங்க. யாரு இது?

— பெருசாக்குறேன். எடது காதப் பாருங்க. மடல் கிழிஞ்சிருக்கும்.

— …அத்தை.

— எங்கம்மாதான். கட்டட வேலைக்குப் போன கடைசி நாள். “சட்டியோட ஒரு படம் எடுத்துக் குடுங்க தம்பி, நான் என்ன செஞ்சேன்னு என் பேரப்புள்ளைங்க பாக்கட்டும்”னு உங்ககிட்டக் கேட்டுச்சு. கேமரா கார்டு கெட்டுப் போச்சுன்னீங்க.

— ஆமா, கெட்டுத்தான்… இது எங்கேருந்து கெடைச்சுது?

— இந்த மூணாவது ஆளு நம்ம பழைய டிஸ்க் எல்லாத்தையும் மேஞ்சு, நாள்வாரியா அடுக்கிக் குடுத்துட்டான். வேண்டாம்னு நீங்க ஓரங்கட்டுனதையும் விட்டுவைக்கல. அன்னைக்கு எடுத்தது நூத்தி எண்பது படம். ஒண்ணுகூடக் கெடல. இதுக்கு முந்தின படம் எதுன்னு பாத்தேன். வெல்டிங் பொறி. இருட்டுல பூ உதிர்ற மாதிரி… சும்மா சொல்லக் கூடாது, என்னா படம்!

— அது… பரிசு வாங்குன படம்.

— தெரியும். அதுக்கு அடுத்ததுதான் எங்கம்மா.

— அப்ப நீங்க சாஃப்ட்வேர் தேடல.

— அதையும் தேடுனேன், அம்மா படத்தையும் தேடுனேன். எத வாங்கணும்னு போன வாரமே தெரிஞ்சு போச்சு. நீங்களா வாயத் தெறக்குறீங்களான்னு கெடு முடியுற வரைக்கும் பாத்தேன். அம்மா இன்னைக்குக் காலையிலகூடக் கேட்டுச்சு, “அந்தக் கார்டு சரியாச்சா”ன்னு. என்ன சொல்லட்டும்?

— நீங்க சொல்ல வேணாம், நானே போய்ச் சொல்றேன். கார்டு கெடல அண்ணி. வெல்டிங் வெளிச்சத்துக்காகக் கேமராவுல எறக்கி வெச்ச அளவ ஏத்தாமலே அத்தையை எடுத்துட்டேன். வீட்டுல வந்து பாத்தா ஒரே கறுப்பு. பொறிய எடுத்ததுக்கு எல்லாரும் கை தட்டுறாங்க, அடுத்த படமே அட்டைக் கறுப்புன்னு எப்படிச் சொல்றது? பழிய கார்டு மேல போட்டுட்டேன். மறுபடி நில்லுங்கன்னு கேக்கவும் வாய் வரல, அவங்க சட்டிய அன்னைக்கே எறக்கி வெச்சுட்டாங்க… அத்தைக்கு நான் ஒரு படம் பாக்கி. நாலு வருஷமாப் பாக்கி.