கடல்பசுவுக்குக் காவல் இருக்கும் மாப்பிள்ளை

கண்டியிலிருந்து கலஹா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மெதுவாகச் சொன்னாள்.

“மகளுக்கு வந்திருக்கிற மாப்பிள்ளை மன்னார்ல கடல்பசுவுக்குக் காவல் இருக்காராம், அக்கா.”

“பசுவா? எத்தன லீட்டர் கறக்கும்?”

“கறக்கிறதுக்கு இல்லக்கா. கடலுக்கடியில புல்லு திங்கிற பெரிய பிராணி. வலையில மாட்டுனா மூச்சு முட்டிச் செத்துரும். இப்ப கொஞ்சம்தான் மிச்சமாம்.”

“அதுக்கு இவரு என்ன செய்வாரு?”

“மாட்டுனா வலைய அறுத்து விடுங்கன்னு மீன்பிடிக்கிறவங்ககிட்ட சொல்லுவாரு. போன மாசம் ஒண்ணு மாட்டிருச்சு. இவரே கடல்ல குதிச்சு வலைய அறுத்து விட்டுட்டாரு.”

“நல்ல காரியந்தானே?”

“அது அவங்க அம்மா வாங்குன புது வலைக்கா. அந்தம்மா இன்னும் அவரோட பேசுறதில்ல.”

“பெத்தவ வலையவே அறுத்தவனா? யோசிச்சுக் குடு.”

“நானும் அதத்தான் சொன்னேன். மக கேக்க மாட்டேங்குறா. அம்மா ஏசுவாங்கன்னு தெரிஞ்சும் சரியானதச் செஞ்சாருல்ல, அவருதான் வேணுங்கிறா.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, கடந்து போன தேயிலை மலையைப் பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு வரைக்கும் அவங்க அம்மாவக் கேக்காம ஒரு நூலக்கூட அறுத்ததில்ல,” என்றாள். “சட்டுனு பேசி முடிச்சிரு.”